வாயில்லா ஜீவனும் வாயுள்ள சாட்சியும்

மாட்டு மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தால், படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் எடுத்து வைக்கும் ஒரு வாதம் உண்டு. மனிதனுக்கு மருந்து கொடுத்தால் பாதி வேலையை நம்பிக்கையே செய்துவிடும். கைராசிக்கார டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தாலே காய்ச்சல் இறங்கிவிட்டதுபோல் தோன்றும். மாட்டுக்கு என்ன தெரியும்? அதற்குக் கைராசியும் தெரியாது, மருந்தின் பெயரும் தெரியாது, விலையும் தெரியாது. ஆகவே ஒரு மருந்து கொடுத்து மாடு தேறினால் அது மருந்தின் வேலைதான், வேறெதுவுமில்லை. அடித்துச் சொன்னாற்போல் இருக்கும் இந்த வாதத்தில் ஒரே ஓர் ஓட்டை. மாடு தேறிவிட்டது என்று சொல்வது மாடு அல்ல. சொல்பவர் அதை வளர்ப்பவர். இரவெல்லாம் கொட்டிலில் கண்விழித்தவர், மருந்துக்குக் காசு கொடுத்தவர், எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டவர். அவர் இல்லையென்றால், அந்த மருந்தைக் கொடுத்த மருத்துவர். வழக்கில் யாருக்கு லாப நட்டம் உண்டோ அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, தீர்ப்பையும் அவரையே எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? கால்நடை மருத்துவத்தில் நெடுங்காலம் நடந்துவந்தது ஏறக்குறைய அதுதான். நோயாளி வாயில்லா ஜீவன் என்பதால் அங்கே முறையான மருத்துவ ஆய்வு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறோம். அதே காரணத்தால்தான் மனித மருத்துவத்தைவிட அங்கே அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மடிநோயை எடுத்துக்கொள்வோம். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பழகிய தொல்லை இல்லை. காலையில் கறக்க உட்கார்ந்தால் மடியின் ஒரு பக்கம் மட்டும் கல்லாக இறுகியிருக்கும், தொட்டால் சுடும், பசு காலை உதறும். பீய்ச்சினால் பால் திரிதிரியாக வரும், சில நேரம் வெறும் தண்ணீராக வரும், முற்றிவிட்டால் ரத்தம் கலந்தும் வரும். நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இப்படித் திடீரென மடிநோய் கண்ட 57 பசுக்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆன்டிபயாடிக். இன்னொரு பிரிவுக்கு ஹோமியோபதி. மூன்றாவது பிரிவுக்கு மருந்துப்போலி, அதாவது பார்வைக்கு மருந்தாகவே இருந்தாலும் உள்ளே சரக்கு எதுவும் இல்லாத ஒன்று. எந்தப் பசுவுக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டார்கள். ஏழு நாள் கழித்துப் பார்த்தால், ஹோமியோபதி பெற்ற பசுக்களில் மூன்றில் இரண்டு பங்கு தேறியிருந்தன. இத்தோடு கதையை நிறுத்தியிருந்தால் எந்த மருந்துக் கடையின் பலகையிலும் எழுதி வைக்கத் தகுந்த வெற்றி அது. ஆனால் மருந்துப்போலி பெற்ற பசுக்களிலும் அதே மூன்றில் இரண்டு பங்கு தேறியிருந்தன. நோய்க்குறிகளைத் தணிப்பதில் மருந்துப்போலியைவிட ஆன்டிபயாடிக் மேலாக இருந்தது. ஹோமியோபதி அப்படி இல்லை. அந்த ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்றுமே கொடுக்காத பசு எப்படித் தேறுகிறது? முதல் காரணம் உடம்பு. மடிக்குள் கிருமி புகுந்ததும் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் படையெடுத்து வருகின்றன. பாலில் நாம் பார்க்கும் திரி அந்தப் போரின் குப்பைதான். ஈ.கோலை போன்ற சில கிருமிகளை, ஊசி போடும் நேரத்துக்குள் உடம்பே பெரும்பாலும் தீர்த்துக் கட்டியிருக்கும். இரண்டாவது காரணம், நாம் மருந்தைத் தேடும் நேரம். லேசாகச் சுணங்கும் மாட்டுக்கு யாரும் மருத்துவரைக் கூப்பிடுவதில்லை. நோய் உச்சத்துக்கு ஏறிய பிறகுதான் கூப்பிடுகிறோம். உச்சியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இறங்குவது ஒன்றே வழி. அந்த நேரம் பார்த்து எதைக் கொடுத்தாலும், கொடுத்ததற்குத்தான் பெயர் போய்ச் சேரும். மூன்றாவதாக, மருந்தோடு கூடவே செய்யும் மற்றவை: அடிக்கடி கறந்து மடியைக் காலியாக்குவது, தரையைக் கழுவிக் காயவிடுவது, கூடுதலாக ஒரு கை தவிடு வைப்பது. இவை ஒவ்வொன்றும் உதவக் கூடியவை. ஆனால் எதுவும் பில்லில் வருவதில்லை.

இங்கே நம் ஊர் வைத்தியம் ஒன்றைத் தொடாமல் போனால் நேர்மையாக இருக்காது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்து மடியில் பூசும் முறை தமிழ்நாட்டுப் பால் பண்ணையாளர்கள் பலருக்கு மனப்பாடம். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மூலிகை ஆய்வு மையமே அதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. தேசிய பால்வள வாரியமும் பரப்பியது. பாலை முழுதும் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு நாளைக்குப் பல முறை, தொடர்ந்து சில நாட்கள் பூச வேண்டும். இதைப் பூசிப் பலன் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. பலன் கற்றாழையால் வந்ததா, மஞ்சளால் வந்ததா, ஒரு நாளில் அத்தனை தடவை கறந்து கழுவிய கையால் வந்ததா, அல்லது நார்வேயில் மருந்துப்போலி வாங்கிய பசுவைப்போல எதுவும் இல்லாமலே வந்திருக்குமா? பூசிய மாடுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், ஆயிரம் மாடு எண்ணினாலும் இதற்கு விடை கிடைக்காது. பூசாமல் கறந்து கழுவிய மாடுகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், சில நூறு மாடுகளிலேயே தெளிவு பிறக்கலாம். நாட்டு வைத்தியத்தைச் சோதிக்கச் சொன்னாலே அதை இழிவுபடுத்துவதாக எடுத்துக்கொள்கிறார்கள். சோதிக்காமல் புகழ்வதுதான் அதற்குச் செய்யும் அவமரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. நின்று காட்டும் வாய்ப்பையே அதற்குக் கொடுக்காமல் போகிறோமே.

மாட்டை விட்டு நாய்க்கு வந்தாலும் கதை மாறவில்லை. நாய்களுக்கும் மனிதர்களைப் போலவே காக்காய் வலிப்பு வரும். மாதத்தில் எத்தனை முறை வலிப்பு வந்தது என்பது எண்ணிச் சொல்லக் கூடிய சங்கதி. ‘கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கிறது’ என்பதுபோல் வழுக்கும் சங்கதி அல்ல. அமெரிக்காவில் நடந்த மூன்று வலிப்பு மருந்து ஆய்வுகளில் மருந்துப்போலி மட்டும் பெற்ற நாய்களின் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். 28 நாய்களில் 22 நாய்களுக்கு வலிப்பு முன்னைவிடக் குறைந்திருந்தது. எட்டு நாய்களுக்குப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. வலிப்பு மருந்து ‘வேலை செய்கிறது’ என்று சொல்ல மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோலே அந்தப் பாதிக் கணக்குதான். நாய்க்கு நம்பிக்கை வந்துவிட்டதா என்ன? வலிப்பு தானாகவே ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். கூடிய மாதத்தில்தான் சொந்தக்காரர் ஆய்வில் சேர்க்கிறார். சேர்ந்த பிறகு, ஏற்கெனவே கொடுத்துவரும் மாத்திரையையும் மறக்காமல் வேளைக்குக் கொடுக்கிறார். இப்படிப் பல காரணங்கள் கலந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பிட ஒரு குழு இல்லாமல் புதிய வலிப்பு மருந்து ஒன்றை அந்த 28 நாய்களுக்குக் கொடுத்திருந்தால், பத்தில் கிட்டத்தட்ட எட்டுக்குப் பலன் என்று அறிவித்திருப்பார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே.

எண்ணக் கூடிய வலிப்பிலேயே இப்படி என்றால், வலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூட்டுத் தேய்ந்து நொண்டும் நாய் எவ்வளவு நொண்டுகிறது என்பதை அளக்க ஒரு கருவி இருக்கிறது. நடைபாதையின் தரையோடு தரையாகப் பதித்த ஓர் உலோகத் தகடு. நாயைச் சங்கிலியில் பிடித்து ஒரே வேகத்தில் அதன்மேல் நடத்திப் போவார்கள். ஒவ்வொரு காலும் தகட்டில் எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்பதை அது பதிந்துகொள்ளும். வலிக்கும் காலை நாய் லேசாகத்தான் ஊன்றும். வலி குறைந்தால் அழுத்தம் கூடும். தகட்டுக்கு நாயின்மேல் பாசம் கிடையாது, மருந்தின்மேல் மதிப்பும் கிடையாது. இப்படி நடந்த ஓர் ஆய்வில் மருந்துப்போலி பெற்ற 58 நாய்களை வைத்து 2012-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். தகடு ‘மாற்றம் இல்லை’ என்றோ ‘மோசம்’ என்றோ சொல்லும்போதும், நாய் தேறியிருப்பதாகச் சொந்தக்காரர்கள் சொன்னது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது முறை. சொந்தக்காரர் பாசத்தில் சொல்கிறார் என்று விட்டுவிடலாம். நாயை ஓடவிட்டுப் பார்த்த கால்நடை மருத்துவர்களின் தவறு அதைவிடச் சற்றுக் கூடுதல், நாற்பத்தைந்தை ஒட்டி. படிப்பும் அனுபவமும் ஆசையை அடக்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை இரண்டு முறை படிக்க வேண்டும். இந்தக் கோளாறுக்கு ஆய்வாளர்கள் ‘வளர்ப்பவரின் மருந்துப்போலி விளைவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருந்து போவது நாயின் வாய்க்குள். வேலை செய்வது மனிதரின் கண்ணில்.

பூனை இன்னும் கள்ளி. வலியை வெளியே காட்டாமல் மறைப்பதில் அதற்கு நிகர் இல்லை. வயதான பூனைகளின் மூட்டுவலிக்கு மெலாக்சிகாம் பலன் தருகிறதா என்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, மருந்து பெற்ற பூனையும் தேறியதாகச் சொன்னார்கள், போலி பெற்ற பூனையும் தேறியதாகச் சொன்னார்கள். வித்தியாசமே தெரியவில்லை. அதன்பிறகு செய்ததுதான் சாமர்த்தியம். சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் எல்லாப் பூனைகளையும் மருந்துப்போலிக்கு மாற்றினார்கள். அதுவரை மெய்யான மருந்து சாப்பிட்ட பூனைகளின் வீட்டில் ‘மறுபடி சுணங்குகிறது, தாவ மாட்டேன் என்கிறது’ என்ற பேச்சு எழுந்தது. மற்ற வீடுகளில் அந்த அளவுக்கு எழவில்லை. மருந்தைக் கொடுக்கும்போது மறைந்திருந்த பலன், நிறுத்தியபோது வெளியே வந்தது. முன்னேற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மனம் அதை இல்லாத இடத்திலும் கண்டுவிடும். யாரும் எதிர்பார்க்காத சறுக்கலைப் பார்க்கும்போதுதான் கண் கொஞ்சம் நேர்மையாக இருக்கிறது. முறையான ஆய்வு மருந்துகளைக் கழித்துக் கட்டுவதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்; வெறும் பார்வையில் தொலைந்துபோயிருக்கும் நல்ல மருந்தை மீட்டுக் கொடுத்ததும் இங்கே அதுதான்.

ஒப்பிட்டுப் பார்ப்பதன் பலத்தை உலகம் திரண்டு வந்து பார்த்த நாள் ஒன்று உண்டு. நோயாளிகள் ஆடு மாடுகள்தான். 1881 மே மாதம், பாரிஸ் அருகே புய்யி-லெ-ஃபோர் என்ற ஊரில், தடுப்பூசியை நம்பாத ஒரு கால்நடை மருத்துவரின் பண்ணையில் லூயி பாஸ்டர் அடைப்பான் நோய்க்குத் தன் தடுப்பூசியைச் சோதித்துக் காட்டினார். சுமார் ஐம்பது ஆடுகளில் பாதிக்குத் தடுப்பூசி, பாதிக்கு ஒன்றுமில்லை. சில மாடுகளையும் அப்படியே பிரித்திருந்தார்கள். மே 31 அன்று எல்லாவற்றுக்கும் உயிர்க்கொல்லிக் கிருமியை ஏற்றினார்கள். ஜூன் 2 அன்று கூட்டம் கூடியபோது, தடுப்பூசி போடாத ஆடுகளில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. மிச்சமும் அன்றே செத்தன. போட்டவை மேய்ந்துகொண்டிருந்தன. தடுப்பூசி போட்ட ஆடுகள் பிழைத்தது மட்டும் எதையும் நிரூபித்திருக்காது. பக்கத்தில் செத்துக் கிடந்தவைதான் நிரூபணம். இதில் ஒரு சிறு கசப்பும் உண்டு. காற்றில் வைத்துக் கிருமியின் வீரியத்தைக் குறைத்த தடுப்பூசி என்றுதான் கேட்டவர்கள் எண்ணினார்கள். பாஸ்டர் அங்கே பயன்படுத்தியது அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் ரசாயனம் சேர்த்துத் தயாரித்த வேறொன்று. இது அவருடைய ஆய்வகக் குறிப்பேடுகளிலிருந்து நூறாண்டுக்குப் பிறகு விரிவாக வெளியே வந்தது. ஒப்பீட்டுக் குழு இருந்தால் மட்டும் போதாது, என்ன கொடுத்தோம் என்பதையும் திறந்து சொல்ல வேண்டும் என்று இன்றைய ஆய்வு நெறிகள் வற்புறுத்துவது சும்மா இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். அந்தப் பாதி ஆடுகள் செய்த பாவம் என்ன? நோயுற்ற ஜீவனுக்கு மருந்தை மறைத்துவிட்டு, போலியைக் கொடுத்து வேடிக்கை பார்ப்பது கொடுமை இல்லையா? 1881-இல் செய்தது இன்றைய கண்ணுக்குக் கொடுமைதான். ஆரோக்கியமான ஆட்டுக்கு வேண்டுமென்றே நோயை ஏற்றினார்கள். 1960-இல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நம் நாட்டிலும் அப்படிப்பட்ட சோதனைகளுக்குக் கண்காணிப்பு உண்டு. ஆனால் நான் இங்கே பேசும் ஆய்வு வேறு வகை. தானாக நோய் வந்து மருத்துவமனை வாசலுக்கு வந்த விலங்கு, சொந்தக்காரரின் சம்மதம், நிலை மோசமானால் உடனே தெரிந்த மருந்துக்கு மாற்றிவிடும் ஏற்பாடு. ஏற்கெனவே நல்ல மருந்து இருக்கும் நோயில் போலிக்கு இடமே இல்லை. புதியதைப் பழையதோடு மோதவிட்டால் போதும். சில நேரம் மருந்து கொடுக்காத பக்கமே ஜெயிப்பதும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் எட்டுப் பண்ணைகளில் மடிநோய் கண்ட பசுக்களை வைத்து 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு உடனே ஆன்டிபயாடிக். மற்றதில் பாலைப் பண்ணையிலேயே ஒரு நாள் வளர்ப்புத்தட்டில் வைத்துக் கிருமி வகையைப் பார்த்து, தேவைப்பட்ட பசுவுக்கு மட்டும் ஆன்டிபயாடிக். இரண்டாவது பிரிவில் மடிக்குள் ஏற்றும் ஆன்டிபயாடிக் பாதியாகக் குறைந்தது. பசுக்கள் குணமாவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தேவையில்லாத மருந்தைக் காலமெல்லாம் ஏற்றிக்கொண்டிருப்பதும் ஒரு பரிசோதனைதான், கணக்கெழுதாத பரிசோதனை.

அடுத்த எதிர்ப்பு அனுபவத்தின் பெயரால் வரும். முப்பது வருடமாகப் பார்க்கிறோம், எங்களுக்குத் தெரியாதா? நோயைக் கண்டறிவதிலும் கன்று குறுக்கே திரும்பிக் கிடக்கும்போது கைவிட்டு நேராக்குவதிலும் அனுபவத்துக்கு ஈடில்லை. அங்கே செய்ததன் விளைவு உடனே கண்முன் வந்து நிற்கிறது. மருந்தின் விளைவு அப்படி நிற்பதில்லை. சில நேரம் அது கொட்டிலுக்கு வெகுதொலைவில், வேறொரு பிராணியின் வயிற்றில் போய்த் தெரியும். டைக்ளோஃபினாக் ஊசி போட்டால் நொண்டிய மாடு எழுந்து நடக்கும். 1990-களில் தெற்காசியா முழுதும் இதைப் பார்த்தார்கள், பார்த்தது பொய்யல்ல. அதே காலத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மறைந்துகொண்டிருந்தன. பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரகம் பழுதாகிச் செத்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. இந்தப் பதின்மூன்றும் இல்லாவிட்டால் அந்த இருபத்தைந்துக்குப் பொருளே இல்லை. மருந்து உடம்பில் இருந்த மாட்டின் சடலத்தைத் தின்றதுதான் காரணம். 2006-இல் இந்தியா கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்துப் பார்த்த மெலாக்சிகாம் அதன் இடத்துக்கு வந்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015-இல் ஒரு குப்பி 3 மில்லிக்கு மேல் கூடாது என்றும் ஆயிற்று. முதுமலைக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் வட்டமிடும் கழுகுகளுக்கு இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு.

மூன்றாவது எதிர்ப்புதான் கனமானது: இதெல்லாம் பணக்கார நாட்டு வேலை. இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் போய்க் குலுக்கல், மருந்துப்போலி என்றால் எழுந்து போய்விடுவார். கால்நடை மருந்தகத்தில் ஒற்றை மருத்துவர் பல ஊர்களைப் பார்க்கிறார். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆய்வில்லாத வைத்தியத்தின் செலவை யார் தாங்குகிறார்? அதே இரண்டு மாட்டுக்காரர்தான். மடிக்குள் ஏற்றும் பலனில்லாத ட்யூபுக்குக் கொடுத்த காசு அவருடையது. மருந்து ஏற்றிய நாட்களில் பால் ஊற்ற முடியாமல் போகும் வருமானம் அவருடையது. ஊற்றினால் எச்சம் கலந்த பால் நம் காபிக்கு வருகிறது. தகடு பதித்த கூடமெல்லாம் எல்லா ஊரிலும் வேண்டியதில்லை. சென்னையில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1989 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது, மாவட்டந்தோறும் மருந்தகங்களில் காலையில் மாடுகள் வரிசையில் நிற்கின்றன. ஒற்றைப்படைத் தேதியில் வரும் மாட்டுக்கு ஒரு முறை, இரட்டைப்படைத் தேதிக்கு இன்னொரு முறை என்று ஆரம்பித்தால்கூட ஒன்றுமில்லாததற்கு மேல்; குலுக்கல் அளவுக்கு அது சுத்தமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றியமையாதது ஒன்றுதான். மருந்து கொடுத்தவர் ஒருவர், பலனைப் பார்த்து எழுதுபவர் இன்னொருவர். என்ன கொடுத்தார்கள் என்று எழுதுபவருக்குத் தெரியக் கூடாது.

அப்படி எழுதுபவர் கையில் இருக்க வேண்டிய கருவி விலை அதிகமில்லாத ஒரு பிளாஸ்டிக் தட்டு. கலிபோர்னியாவில் 1957-இல் உருவான சோதனை அது. நான்கு குழி, நான்கு காம்புக்கு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பால் பீய்ச்சி, ஊதா நிற மருந்துநீரைச் சம அளவு ஊற்றி, தட்டைக் கையால் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். வெள்ளணு மிகுந்த பால் கஞ்சிபோல் கெட்டியாகி, முற்றிய நோயில் தட்டின் நடுவே கூழாகத் திரண்டு நிற்கும். ஊதா நீர் இல்லாத இடத்தில் சலவைத்தூள் கரைத்த நீரை வைத்தும் இதேபோல் பார்க்கிறார்கள். நார்வே ஆய்வின் மிச்சக் கணக்கு இப்போது வருகிறது. ஏழாம் நாளில் மூன்றில் இரண்டு பங்கு தேறிய பசுக்களை 28-ஆம் நாள் மறுபடி பார்த்தார்கள். மூன்று பிரிவிலும், ஆன்டிபயாடிக் பிரிவையும் சேர்த்து, முழுதாகக் குணமானவை குறைவு. திரி நின்றதும், பால் வெள்ளையானதும், வீக்கம் வடிந்ததும், மாடு தேறிவிட்டது என்று கணக்கை முடித்துவிடுகிறோம். நான்காவது வாரத்தில் எந்தக் கொட்டிலிலும் அந்தத் தட்டை யாரும் கையில் எடுப்பதில்லை.